பெயருக்கேற்ற பெருவாழ்வு



துன்பம் நுழையாத வீடு இவ்வுலகில் இல்லை. தேரி மணலும் பனை மரங்களும் சூழ்ந்த நம் திசையன்விளைப் பகுதியில் மழை பொய்த்தால் கிணறு வறளும், பயிர் கருகும், வீட்டில் கடன் ஏறும். அவ்வேளைகளில் குடும்பமாகக் கூடி முழந்தாளிட்டுச் செபமாலை சொல்கிறோம். அதன் பின்னும் துன்பம் நீங்காவிடில், ஆண்டவர் நம்மைக் கைவிட்டாரோ எனக் கலங்குகிறோம். இக்கலக்கத்திற்கு விடையாக அமைந்தது, மறைசாட்சியான புனித தேவசகாயத்தின் வாழ்வு.

இவர் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், இன்றைய குமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலத்தில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரண்மனை அலுவலராக உயர்ந்தார். பார்கவி என்னும் நங்கையை மணந்தார்.

செல்வாக்குடன் வாழ்ந்த அவரைத் துன்பம் தேடி வந்தது. கால்நடைகள் மடிந்தன, பொருள் அழிந்தது. சோர்ந்திருந்த அவருக்கு ஆறுதல் கூறியவர் டி லனாய். டச்சுக் கம்பெனியின் படைத்தலைவரான இவர், 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர். பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி அளித்தவர். அனைத்தையும் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் வரலாற்றை அவர் நண்பருக்கு எடுத்துரைத்தார். தோல்வியின் கசப்பை அறிந்தவர் சொன்ன ஆறுதல் ஆதலால், அது நீலகண்டனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், நம் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருள் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. கடவுளின் உதவி என்பதே அதன் பொருள். மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

உயர்குலத்தவரான தேவசகாயம், சாதி வேற்றுமை பாராமல் எளியவரோடு கலந்து பழகினார். இது பலருக்குப் பொறுக்கவில்லை. 1749-இல் அவர் சிறைப்பட்டார். சங்கிலியால் கட்டி அடித்தனர். எருமை மீது பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். புண்களில் மிளகுப் பொடி தூவினர். பெருவிளையில் வேப்ப மரத்தில் பிணைத்து வைத்தனர். அங்கும் தம்மைக் காண வந்தோருக்காக அவர் செபித்தார். ஏற்ற மறையை மறுத்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் மறுக்கவில்லை.

1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது முப்பத்தொன்பது. அவரது திருவுடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஞானப்பூ அம்மையாரோ சொந்த ஊரைத் துறந்து, வடக்கன்குளத்தில் விசுவாசத்தில் நிலைத்து வாழ்ந்து, 1766-இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய பொறுமையும் சிறிதன்று.

சென்ற ஆண்டு நாங்கள் காற்றாடிமலைக்குத் திருப்பயணம் சென்றோம். அங்குள்ள பாறை ஒன்றைக் கல்லால் தட்டினால் மணியோசை எழுகிறது. அதைக் கேட்டபடி நின்றபோது எங்களுக்குள் ஒரு வினா எழுந்தது. கடவுளின் உதவி என்று பெயர் பெற்றவருக்குக் கடவுள் ஏன் உதவவில்லை? சங்கிலி அறுந்து விழவில்லையே! துப்பாக்கி பழுதாகவில்லையே! திரும்பி வரும்போது பேருந்தில் இதையே பேசினோம். மூன்றாண்டு வதையிலும் அவர் உள்ளத்தில் பகைமை புகவில்லை, அச்சம் வெல்லவில்லை. துன்பத்தை நீக்குவது மட்டுமா உதவி? துன்பத்தின் நடுவே உள்ளம் உடையாமல் காப்பதும் உதவியே என்று உணர்ந்தோம். அவ்வகையில் அவர் பெயர் பொய்க்கவில்லை.

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பெற்றது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் இவரே.

தோழியரே! தேர்வில் தவறினாலும், வீட்டில் வறுமை வாட்டினாலும், நோய் வந்தாலும் நாம் மனம் தளர வேண்டாம். துன்பம் அகலச் செபிப்போம். அகலாவிடில், தாங்கும் வலிமைக்காகச் செபிப்போம். துன்புறும் தோழியின் அருகே டி லனாயைப் போல் அமர்ந்து ஆறுதல் கூறுவோம். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!