கை கொடுத்த வைத்தியர்

உடலின் ஒரு பாகம் பழுதுற்றால், மற்றொரு பாகத்தின் உயிர்த்தசை அதற்கு உதவக்கூடும். 1906-ல் இத்தாலிய வைத்தியர் டான்சினி, முதுகுத் தசையைத் தோலோடும் ரத்தக் குழாயோடும் திருப்பி, மார்பிலுண்டான பெரும் ரணத்தை மூடும் முறையை வெளியிட்டார். இவ்வாறே வேலூரில் தசையின் வலிமையை இடம் மாற்றி, ஏழைகளின் கைகளை மீட்டவர் டாக்டர் பால் பிராண்ட்.

1914-ல் கொல்லிமலையில் பிறந்த அவர், லண்டனில் ரண சிகிச்சை பயின்று, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியில் முடங்கிய விரல்களைக் கண்டு உள்ளம் நைந்தார். நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்பது அந்நாளில் உலகோர் எண்ணம். உணர்ச்சியிழந்த கை நெருப்பையும் கத்தியையும் அறியாததால் நேரும் புண்களே விரல்களை அழிக்கின்றன என்று அவர் கண்டு தெளிவித்தார். 1948 முதல், நோய் தாக்காத தசையின் நாணை விரல்களுக்கு மாற்றிப் பிணைத்து, முடங்கிய கைகளை விரியச் செய்தார்.

கை திருந்தியும் வேலை தருவார் இல்லை. ஆகவே நவஜீவ நிலையம் நிறுவி, மரவேலை முதலிய தொழில்களில் அவர்களைப் பழக்கினார்.

2003-ல் அவர் காலமானார். குணமடைந்தவனை அருகில் அண்டவிடாத அயலாரும், கூலி தர மறுக்கும் முதலாளிகளும் இன்றும் உளர். கையைத் திருத்துவது வைத்தியர் கடன். அக்கைக்கு வேலை தருவது நம் கடனன்றோ?