மானச கங்கோத்திரியைக் கண்ட குவெம்பு

ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்கள் கட்டணச் சலுகைப் படிவத்தை நீட்டுவார்கள். அதில் துறைத் தலைவரின் கையெழுத்தும் அதன் கீழே ரப்பர் ஸ்டாம்பும் இருக்கும். ஒன்றில் மண்ணியல், ஒன்றில் பட்டுப்புழு அறிவியல், ஒன்றில் மொழியியல், இன்னொன்றில் உணவு அறிவியல். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படியெல்லாம் படிப்புகள் இருக்கின்றன என்பதே இந்த ஸ்டாம்புகளைப் பார்த்துத்தான் தெரிந்தது. துறையின் பெயர் எதுவானாலும் ஸ்டாம்பின் கடைசி வரி மட்டும் மாறுவதில்லை. மானச கங்கோத்திரி, மைசூர் என்றிருக்கும்.

அந்தப் பெயரை இட்டவர் கவிஞர் குவெம்பு. கங்கை பிறக்கும் இடம் கங்கோத்திரி. மனத்தின் கங்கை பிறக்கும் இடம் என்பது இதன் பொருள். டிசம்பர் 29 அவர் பிறந்த நாள். கர்நாடகத்தில் வாழும் நம்மவர் பலர் அவரைச் சாலைப் பெயராகவும் சிலையாகவும் மட்டுமே அறிவார்கள். மாநிலப் பாடலை எழுதியவர் என்பது பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தெரியும். 2004-ல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அவர் ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டிய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

குப்பள்ளி வெங்கடப்ப புட்டப்பா என்பது முழுப் பெயர். முதலெழுத்துகளைச் சேர்த்துக் குவெம்பு ஆயிற்று. 1904-ல் தாயாரின் ஊரான ஹிரேகொடிகெயில் பிறந்தார். வளர்ந்தது தீர்த்தஹள்ளி தாலுக்கா குப்பள்ளியில். மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்கு நடுவே உழுகுடி ஒக்கலிகர் வீடு. ஏழை வீடு என்று சொல்ல முடியாது. நிலமும் ஆள்களும் உள்ள பெரிய வீடுதான். ஆனால் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டுக்கே வாத்தியாரை வரவழைத்து எழுத்துக் கற்பித்தார்கள். பிறகு தீர்த்தஹள்ளியில் நடுநிலைப் பள்ளி. பன்னிரண்டு வயதில் தகப்பனார் இறந்துபோனார். அதன் பின் மைசூருக்கு வந்து வெஸ்லியன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் படித்தவன் என்றால் ஆங்கிலத்தில் எழுதுபவன் என்று பொருள். புட்டப்பாவும் முதலில் ஆங்கிலக் கவிதைதான் எழுதினார். சிறு நூலாகவும் வெளியிட்டார். 1924-ல் அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் மைசூருக்கு வந்திருந்தபோது, மாணவரான இவர் தம் கவிதைகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பாராட்டை எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்தது வேறு. தாய்மொழியில் எழுதும்படி அந்த வெள்ளைக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். இளைஞருக்கு மனம் வருந்தத்தான் செய்தது. ஆனால் அதன் பிறகு கன்னடத்தை விட்டு அவர் விலகவில்லை.

மகாராஜா கல்லூரியில் 1927-ல் பி.ஏ.வும் 1929-ல் கன்னட எம்.ஏ.வும் முடித்தார். கன்னடத்துக்கு எம்.ஏ. வகுப்பு என்பதே அப்போது புதுசு. மாணவராகவும் ஆசிரியராகவும் பல ஆண்டுகள் மைசூர் ராமகிருஷ்ண ஆசிரமத்திலேயே தங்கியிருந்தார். 1929-லேயே மகாராஜா கல்லூரியில் விரிவுரையாளர். 1936-ல் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். 1946-ல் பேராசிரியராக மைசூருக்குத் திரும்பினார். 1955-ல் கல்லூரி முதல்வர். 1956-ல் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

இந்தக் கடைசி உயர்வின் அருமை விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மைசூர் பல்கலைக்கழகம் 1916-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், திவான் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் ஏற்பட்டது. சமஸ்தானம் ஒன்றில் ஏற்பட்ட முதல் பல்கலைக்கழகம் அதுதான். அதுவரை மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் காலேஜும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. இங்கே படித்தவர்களுக்கு அங்கிருந்து பட்டம் வந்தது. அந்தத் தொப்புள்கொடியை அறுத்துத்தான் மைசூர் தனியாக நின்றது. நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் முதல் தடவையாக அதன் துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குப்பள்ளிக் காட்டிலிருந்து வந்த உழவர் வீட்டுப் பிள்ளை.

படிப்பு யாருக்கு என்ற கேள்வியை அவர் பதவிக்கு வருமுன்பே நாடகமாக எழுதிவிட்டார். தவம் செய்த சம்பூகனை ராமன் கொன்றதாக வரும் கதையை எடுத்துக்கொண்டு 1940-களில் சூத்திர தபஸ்வி என்ற நாடகம் எழுதினார். அதில் ராமன் விட்ட அம்பு சம்பூகனைத் தொடாமல், குற்றம் சாட்டிய அந்தணரையே துரத்துகிறது. அவர் தம் பிழை உணர்ந்து தபசியை வணங்குகிறார். பழைய கதையை இப்படி மாற்றலாகாது என்று மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் ஆட்சேபித்தார். குவெம்பு அசையவில்லை. அடுத்து ஏகலைவனின் கட்டைவிரலை வைத்து இன்னொரு நாடகம் எழுதினார். இந்த இரண்டு நாடகங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு அவர் துணைவேந்தராகச் செய்த வேலையைப் பார்த்தால், அது வெறும் கட்டட வேலையாகத் தெரியாது.

அவர் பதவி ஏற்ற 1956-ல்தான் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. தென் கன்னடமும் குடகும் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்த மங்களூர்க் கல்லூரிகள் மைசூருக்கு வந்து சேர்ந்தன. கல்லூரிகள் பெருகின, மாணவர்கள் பெருகினார்கள். ஆனால் எம்.ஏ., எம்.எஸ்ஸி. படிப்புகளுக்கு என்று தனி இடம் இல்லை. கலைப் பாடங்கள் மைசூரில் மகாராஜா கல்லூரியிலும், அறிவியல் பாடங்கள் பெங்களூரில் சென்ட்ரல் காலேஜிலுமாக, பி.ஏ. பிள்ளைகளின் வகுப்பறைகளைப் பங்கு போட்டுக்கொண்டு நடந்தன. ஆராய்ச்சி செய்பவனுக்கு உட்காரும் இடமே தகராறு.

மைசூரில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் குவெம்பு உலாவுவது வழக்கம். அந்த ஏரியைப் பற்றிக் கவிதையும் எழுதியிருக்கிறார். ஏரிக்கு மேற்கே பரந்த மேட்டு நிலம் கிடந்தது. ஜயலக்ஷ்மி விலாஸ் என்ற அரண்மனை மாளிகையும் அங்கே இருந்தது. 1905-ல் இளவரசி ஜயலக்ஷ்மம்மணிக்காக எழுந்த மாளிகை அது. முதுகலைத் துறைகள் எல்லாவற்றுக்குமாக ஒரே வளாகம், அதுவும் ஊர்ச் சந்தடி இல்லாமல், ஏரியும் மரமும் சூழ இங்கே அமைய வேண்டும் என்பது அவர் திட்டம். மாளிகையும் சுற்று நிலமும் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. 1960-ல் மானச கங்கோத்திரி பிறந்தது. அந்த ஆண்டே குவெம்பு ஓய்வு பெற்றார். கட்டியவர் அங்கே நாற்காலி போட்டு அமர்ந்து ஆளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வளாகத்தின் பரப்பு சுமார் 740 ஏக்கர். சாமராஜபுரம் ஸ்டேஷனில் இறங்கினால் மகாராஜா கல்லூரி கூப்பிடு தூரம்; அங்கிருந்து கிராஃபோர்ட் ஹாலைத் தாண்டி, ஏரிக்கரையோடு நடந்தால் வளாகம் வந்துவிடும். முதன்முறை போகிறவர் துறைக்குத் துறை வழி கேட்டுத்தான் போக வேண்டும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், பண்டைய வரலாறு, சமஸ்கிருதம், நூலக அறிவியல், இதழியல், வணிக நிர்வாகம் என்று துறைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஜயலக்ஷ்மி விலாஸில் 1968-ல் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் வந்தது. ஏர், முறம், தோல்பாவை எல்லாம் ராஜகுமாரியின் மாளிகையில் இடம்பிடித்தன. குவெம்பு வித்திட்ட கன்னட ஆய்வு நிறுவனம் 1966-ல் உருவாயிற்று. இன்று அது அவர் பெயரையே தாங்குகிறது. அவருடைய மாணவர் ஜவரே கௌடர் 1969 முதல் 1975 வரை துணைவேந்தராக இருந்து வளாகத்தை மேலும் வளர்த்தார்.

நமக்குச் சம்பந்தமான செய்தி ஒன்று. மத்திய அரசின் இந்திய மொழிகள் நிறுவனம் 1969-ல் இந்த வளாகப் பகுதியில்தான் நிறுவப்பட்டது. தமிழ் செம்மொழியான பிறகு, செம்மொழித் தமிழ் உயராய்வு மையம் முதலில் அந்த நிறுவனத்தில்தான் இயங்கியது. 2008-ல்தான் சென்னைக்குப் போயிற்று. கன்னடக் கவிஞர் கண்ட தோப்பில் தமிழுக்கும் சில காலம் நிழல் கிடைத்தது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இனி, அவர் முழு வெற்றி காணாத விஷயத்துக்கு வருகிறேன். வளாகத்தைக் காட்டிலும் பயிற்றுமொழிதான் அவருக்கு உயிர். எந்தப் பாடமானாலும் பிள்ளை தாய்மொழியில் கற்க வேண்டும் என்றார். கன்னடத்தில் அறிவியல் கற்பிக்க முடியாது என்றவர்களுக்கு விவாதத்தால் மட்டும் பதில் சொல்லாமல், துணைவேந்தராக இருந்து அறிவியல் நூல்களைக் கன்னடத்தில் எழுதவைத்து அச்சிட்டார். ஆங்கிலத்தை அவர் பகைக்கவில்லை, கட்டாயத்தைத்தான் பகைத்தார். மும்மொழித் திட்டமும் அவருக்கு உடன்பாடில்லை. பல மொழிகள் இருக்கட்டும், தாய்மொழியோடு அவற்றில் ஒன்றை மாணவன் தேர்ந்துகொள்ளட்டும் என்பது அவர் கொள்கை. இந்தியைத் திணிப்பதும் அவருக்கு ஒப்பவில்லை. 1960-ஐ ஒட்டித்தான் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தமிழில் பட்டப் படிப்பைத் தொடங்கிப் பார்த்தார்கள். இரண்டு ராஜ்யங்களிலும் ஒரே சமயத்தில் ஒரே கவலை இருந்திருக்கிறது.

பலன் என்ன? கலைப் பாடங்களில் கன்னடம் நிலைத்தது. இன்று கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பி.ஏ., எம்.ஏ. படிப்பது அதனால்தான். அறிவியல் முதுகலை வகுப்புகளோ இன்னமும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன.

இதை நான் வெறும் செய்தியாகச் சொல்லவில்லை. என் தகப்பனார் ரயில்வேயில் கேங்மேன். வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் கன்னடம் என்று வளர்ந்தவன் நான். பத்தாம் வகுப்பைக் கன்னடத்தில் படித்து, விஞ்ஞானத்தில் நல்ல மார்க் வாங்கி, பி.யூ.சி.யில் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாளிலிருந்தே எல்லாம் ஆங்கிலம். பள்ளியில் தெரிந்திருந்த அதே விசையும் வேகமும் அங்கே வேறு வேஷத்தில் வந்து நின்றன. கேள்வி கேட்கவும் வாய் வரவில்லை. ஆறு மாதத்தில் நின்றுவிட்டேன். கல்லூரியின் மேல் குறையில்லை. அது எல்லாக் கல்லூரியையும் போலத்தான் நடந்தது. குவெம்பு அச்சிட்ட நூல்கள் வழக்கத்துக்கு வந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போது யோசிப்பதில் பயனில்லை. தமிழ்ப் பிள்ளைக்குக் கன்னடமும் தாய்மொழி அல்லவே என்று சிலர் கேட்பார்கள். வாஸ்தவம். ஆனால் எனக்குக் கன்னடம் புரிந்தது, அது போதுமாயிருந்தது.

அவரது இலக்கியப் பெருமையை எல்லோரும் எழுதுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீ ராமாயண தர்சனம் காவியத்துக்கு 1955-ல் சாகித்ய அகாடமி பரிசு. 1958-ல் பத்மபூஷண். 1967-ம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு, கன்னடத்துக்குக் கிடைத்த முதல் ஞானபீடம். 1992-ல் கர்நாடக ரத்னா. புரோகிதரும் ஆடம்பரமும் இல்லாத மந்திர மாங்கல்யம் என்ற திருமண முறையை வகுத்து, 1966-ல் தம் மகன் பூர்ணசந்திர தேஜஸ்வியின் கல்யாணத்தையே அப்படி நடத்தினார். சுயமரியாதைத் திருமணம் அறிந்த நம்மவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. மந்திரத்தை அடியோடு விடாமல் பொருள் விளங்கும்படி சொல்லச் செய்ததுதான் இவர் வழி.

ஓய்வுக்குப் பின் மைசூர் ஒண்டிகொப்பலில் உதயரவி என்ற தம் வீட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தாம் விட்டுவந்த பல்கலைக்கழகம் கிளை விடுவதையும் கண்ணால் பார்த்தார். 1964-ல் பெங்களூர் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மங்களூர் அருகே கொணாஜேயில் 1968-ல் தொடங்கிய முதுகலை மையத்துக்கு இவர் வழியிலேயே மங்கள கங்கோத்திரி என்று பெயர் வைத்தார்கள். 1980-ல் அதுவும் தனிப் பல்கலைக்கழகம். சிவமொக்கா ஜில்லாவில் சங்கரகட்டாவில் 1987-ல் ஏற்பட்ட பல்கலைக்கழகத்துக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே குவெம்பு பல்கலைக்கழகம் என்று பெயர் சூட்டினார்கள். மானச கங்கோத்திரியில் தபால் வழிக் கல்விக்கென்று 1969-ல் தொடங்கிய பிரிவு 1996-ல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை. 1994 நவம்பர் 11 அன்று மைசூரில் காலமானார்.

அந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் படிவம் இரண்டு வருஷமாக என் மேஜை டிராயரில் இருக்கிறது. இந்த முறை பூர்த்தி செய்துவிட்டேன். பாடம், கன்னடமும் வரலாறும்.

குப்பள்ளி வீடு இப்போது நினைவு இல்லம். பக்கத்துக் குன்றில் கவிசைலம், அவர் நினைவிடம். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. மைசூரிலிருந்து சிவமொக்கா வரை ரயிலில் போய், அங்கிருந்து தீர்த்தஹள்ளி வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும். மழைக்காலத்தில் போகிறவர்கள் குடையோடு போவது நல்லது.