நன்றியை இசையாக்கிய ஜான் கோல்ட்ரேன்

ஜாஸ் இசை, அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த கொடையாகும். அவ்விசையில் டெனர் சாக்சபோன் என்னும் ஊதுகருவிக்குத் தனியிடம் உண்டு. மனிதக் குரலை ஒத்த அதன் கனத்த நாதத்தைக் கோல்மன் ஹாக்கின்ஸ் நிலைநாட்டினார். லெஸ்டர் யங் அதற்கு மென்மை சேர்த்தார். அவர்கள் வழியில் வந்து, அதனை வழிபாட்டின் குரலாகவே ஆக்கியவர் ஜான் கோல்ட்ரேன்.

வட கரோலினா மாநிலத்தின் ஹாம்லெட் என்னும் சிற்றூரில் 1926 செப்டம்பர் 23ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை தையற்கலைஞர், இசையிலும் ஈடுபாடு உடையவர். தாய்வழிப் பாட்டனார் கிறித்தவ மதபோதகர். பன்னிரண்டாம் வயதில், சில மாத இடைவெளியில், இவ்விருவரையும் கோல்ட்ரேன் இழந்தார். துயருற்ற சிறுவனுக்கு இசையே துணையாயிற்று. பின்னர்ப் பிலடெல்பியாவில் குடியேறி, கடற்படைப் பணியும் முடித்து, ஆல்ட்டோ சாக்சபோனிலிருந்து டெனருக்கு மாறினார்.

1955இல் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தபோது புகழ் வந்தது. ஆயின் ஹெராயின் பழக்கம் அவரைப் பற்றியிருந்தது. 1957இல் டேவிஸ் அவரைக் குழுவினின்றும் விலக்கினார். அவ்விழிவே திருப்புமுனையாயிற்று. பிலடெல்பியா வீட்டில் அடைந்து கிடந்து, வேதனையைத் தாங்கி, அப்பழக்கத்தை விட்டொழித்தார். அதனை இறையருளால் நேர்ந்த விழிப்பாகவே அவர் கருதினார். அதே ஆண்டில் தெலோனியஸ் மங்க்குடன் வாசித்துத் தம் கலையைக் கூர்மைப்படுத்திக்கொண்டார்.

1963இல் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் இனவெறியர் வைத்த குண்டுக்குக் கறுப்பினச் சிறுமியர் நால்வர் பலியாயினர். அவ்வாண்டே அவர் பதிவு செய்த 'அலபாமா' அத்துயரின் இரங்கலாகக் கொள்ளப்படுகிறது.

1964 டிசம்பர் 9ஆம் நாள் பதிவான 'எ லவ் சுப்ரீம்' அவர்தம் நன்றிக் காணிக்கை. அது நான்கு பகுதிகளை உடையது. இறைவனைப் போற்றி அவரே இயற்றிய கவிதை இசைத்தட்டின் உறையில் அச்சிடப்பட்டது. இறுதிப் பகுதியில் அக்கவிதையை எவரும் வாய்விட்டுப் படிப்பதில்லை; சாக்சபோனே அதன் சொற்களை அசை அசையாக ஊதிச் செல்கிறது. உறையைக் கையில் ஏந்திக் கேட்போர்க்குச் சொல் எங்கே முடிந்து நாதம் எங்கே தொடங்குகிறது எனப் பிரித்தறிதல் அரிது. கவிதையின் உயிர் பொருளில் மட்டுமன்றி அதன் மூச்சிலும் உள்ளது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

இந்திய இசையிலும் அவர் தோய்ந்தார். 1961இல் 'இந்தியா' என்னும் படைப்பை வழங்கினார். சிதார் மேதை ரவி சங்கரின் நினைவாகத் தம் மகனுக்கு ரவி எனப் பெயரிட்டார். அவரது இறுதிக்கால இசை கட்டுகளைத் துறந்தது. அதனை ஏற்க இயலாமல் நெடுநாள் உடன் வாசித்தோரும் பிரிந்தனர். ஆயினும் தம் தேடலை அவர் கைவிடவில்லை. 1967 ஜூலை 17ஆம் நாள், நாற்பதாம் வயதில், கல்லீரல் புற்றுநோயால் மறைந்தார். 2007இல் புலிட்சர் சிறப்பு விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

மீட்சிக்குப்பின் அவருக்கு வாய்த்தவை பத்து ஆண்டுகளே. பத்தாம் ஆண்டு மலர் காணும் நம் வட்டத்தார் நெஞ்சில் நிறுத்தத்தக்க கால அளவு அது.