யூஜின் சாண்டோ

யூஜின் சாண்டோ (ஏப்ரல் 2, 1867 – அக்டோபர் 14, 1925) பிரஷ்யாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த உடல்வலுக் கலைஞர் ஆவார். உடற்கட்டுக் கலையின் தந்தையாகக் கருதப்படுகிறார். தசை வளர்க்க இறைச்சி உண்பதா, புரதப் பொடி உண்பதா என்று இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் கேட்கப்படும் கேள்வியின் தொடக்கத்தையும் இவரது வாழ்க்கையில் காணலாம்.

பிறப்பும் இளமையும்

இவரது இயற்பெயர் பிரீட்ரிக் வில்லெம் முல்லர். பிறந்த ஊரான கோனிக்ஸ்பர்க் இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவில் உள்ளது. கட்டாய இராணுவச் சேவையைத் தவிர்க்க 1885 இல் ஊரை விட்டு வெளியேறி, சர்க்கசில் சேர்ந்தார். பிரசெல்சில் அட்டிலா என்ற பயிற்சியாளரிடம் எடை தூக்கும் முறைகளைக் கற்றார். சிறு வயதில் மெலிந்திருந்ததாகவும், ரோமில் கண்ட சிலைகளே தம்மைத் தூண்டியதாகவும் பின்னாளில் எழுதினார். இக்கதையை ஆய்வாளர்கள் ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

புகழ்

1889 இல் இலண்டனில் சாம்சன் என்ற பலசாலியை மேடையில் வென்றதால் புகழ் பெற்றார். 1893 இல் சிகாகோவில் நிகழ்ச்சிகள் நடத்தினார். 1894 இல் எடிசன் நிறுவனம் இவரைப் படம் பிடித்தது. 1897 இல் இலண்டனில் உடற்பயிற்சி நிலையம் தொடங்கினார்; மறு ஆண்டு ஓர் இதழையும் நடத்தத் தொடங்கினார். 1901 இல் ராயல் ஆல்பர்ட் அரங்கில் இவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலும் ஒரு நடுவர்.

உணவும் பொடியும்

1897 இல் வெளிவந்த தமது நூலில் சாண்டோ சிறப்பு உணவு எதையும் வலியுறுத்தவில்லை. விரும்பியதை அளவோடு உண்டு, நன்கு உறங்கி, தவறாது பயிற்சி செய்தால் போதும் என்பதே அவர் கருத்து.

அக்காலத்தில் ஜெர்மனியில் கொழுப்பு நீக்கிய பாலின் புரதத்தை உலர்த்திப் பிளாஸ்மோன் என்ற பொடி செய்யப்பட்டது. இங்கிலாந்திலும் விற்கப்பட்ட இது, மாட்டிறைச்சியை விடப் பல மடங்கு சத்துள்ளது என்று விளம்பரம் செய்யப்பட்டது. சாண்டோவும் இதனைப் பரிந்துரைத்தார். விளம்பரம் முற்றும் பொய்யன்று. ஆனால் ஒப்பீடு நேர்மையானதன்று. பச்சை இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். பொடியில் நீர் மிகக் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் பொடி வெல்லும். புரத அளவைச் சமமாக்கிப் பார்த்தால் தசைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இறைச்சியில் இரும்பும் பி12 உயிர்ச்சத்தும் கூடுதலாக உண்டு. பொடியில் எளிமை உண்டு.

பின்னர் சாண்டோ தம் பெயரிலேயே கொக்கோப் பொடி விற்றார். கொக்கோவில் ஐந்தில் ஒரு பங்கு அளவே புரதம். ஒரு கோப்பைக்கு 5 கிராம் பொடி கரைத்தால் கிடைப்பது சுமார் 1 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் உள்ளது. வாங்கியோர் பார்த்தது பெட்டியின் மேலிருந்த உடலைத்தான். அவ்வுடலோ பிளாஸ்மோனும் கொக்கோவும் கடைக்கு வருமுன்பே, 1889 இலேயே, மேடையேறிவிட்டது. முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் மீதிருந்த வெறுப்பில் வணிகம் நொடித்தது. 1916 இல் கொக்கோ நிறுவனம் மூடப்பட்டது.

இந்தியாவில்

சாண்டோ 1904-05 இல் இந்தியாவில் பயணம் செய்து கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் நிகழ்ச்சிகள் நடத்தினார். அதே காலத்தவரான ஆந்திரத்தின் கோடி இராமமூர்த்தி நாயுடு (1882–1942) மரக்கறி உணவு மட்டுமே உண்டு, மார்பின்மேல் யானையைத் தாங்கிப் புகழ் பெற்றார் என்பதையும் இங்கு ஒப்பிடலாம்.

தமிழ்நாட்டில் சாண்டோ என்பது பலசாலிகளுக்கு உரிய பட்டமாயிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் (1915–1978) இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. நாட்டின் பல பகுதிகளில் கையில்லாப் பனியனுக்கும் இப்பெயர் வழங்குகிறது.

மறைவு

சாண்டோ தமது 58 ஆம் அகவையில் இலண்டனில் காலமானார். பட்னி வேல் இடுகாட்டில், பெயர் பொறிக்காத கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வெல்வோருக்கு 1977 முதல் இவரது உருவச்சிலை பரிசாக வழங்கப்படுகிறது.