கரண்டி பிடித்த கணித மேதை

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தார் ராமானுஜம். வீட்டுக்கு வந்தால் கணக்கிலேயே மூழ்கிவிடுவார். தாயார் கோமளத்தம்மாளோ, மனைவி ஜானகியோ சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பார்கள். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் கணக்குப் போடுவார்.

அப்படிப்பட்டவர் 1914 மார்ச் 17-ந் தேதி சீமைக்குக் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டி அவரை அழைத்திருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. புறப்படும் முன்பு குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார்கள். அந்தக் கோலத்தைத் தாயாரும் மனைவியும் பார்க்கக்கூடாதென்று, முன்கூட்டியே இருவரையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்.

தனிச் சமையல்

முதலில் கணித ஆசிரியர் நெவில் வீட்டில் தங்கினார். பிறகு டிரினிட்டி கல்லூரியில் அறை கிடைத்தது. கல்லூரிச் சாப்பாட்டில் அவருக்கு நம்பிக்கை இல்லை. காய்கறியைக்கூட மாமிசக் கொழுப்பில் வதக்கியிருப்பார்களோ என்று சந்தேகம். ஆகவே, தம் அறையிலேயே தாமே சமைக்கத் தொடங்கினார்.

புளியும் தேங்காய் எண்ணெயும் ஊரிலிருந்து பார்சலில் வரவேண்டும். ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. வேண்டிய சாமான்கள் கிடைப்பது அரிதாயிற்று. வெறும் சோறும், உப்பும், கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறும் இருந்தால் போதும், நாக்கை அடக்கிக்கொண்டேன் என்று சென்னை நண்பருக்கு எழுதினார்.

குளிரோ கடுமை. சட்டை, சால்வையோடு படுத்தும் தூக்கம் வரவில்லை. பிற்காலத்தில் பெரும் புள்ளியியல் அறிஞராக விளங்கிய மகலனோபிஸ், அப்போது அங்கே மாணவர். அவர் வந்து பார்த்தார். மெத்தையில் கம்பளிகள் விரித்தபடியே இருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜத்துக்குத் தெரியவில்லை! நண்பர் சொல்லிக் கொடுத்தார்.

வாணலியும் விடையும்

மற்றொரு நாள் ராமானுஜம் அடுப்படியில் வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றை மகலனோபிஸ் படித்தார். ஒரு தெருவில் ஒரு வீடு. அதற்கு இந்தப் பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கத்துக் கூட்டுத்தொகையும் சமம். அந்த வீட்டின் எண் என்ன? 288 வீடுள்ள தெருவில் 204-ம் வீடு என்பது விடை. ராமானுஜமோ, கரண்டியைக் கீழே வைக்காமலே, அப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் விடையைச் சொல்லிவிட்டார்.

சமையலில் அவருக்கு ரோஷமும் உண்டு. ஒருமுறை விருந்துக்கு வந்தவர்கள் மூன்றாம் தடவை பரிமாறியபோது போதும் என்றார்கள். அவ்வளவுதான், ராமானுஜத்தைக் காணோம்! மனம் நொந்து ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டார். திரும்பி வரச் சில நாள் ஆயிற்று.

இரவு பகலாக ஆராய்ச்சி. நினைத்தால் சமையல். சில நாள் ஒரு வேளைச் சாப்பாடுதான். 1917-ல் படுக்கையில் விழுந்தார். 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் பட்டமும் டிரினிட்டியின் பெலோ பதவியும் வந்தன. உடல்நலம் மட்டும் திரும்பவில்லை. 1919-ல் தாயகம் வந்தார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார். நீ உடன் வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திராது என்று கடைசி நாட்களில் கணவர் சொன்னதை அவர் மறக்கவே இல்லை.