குதிரையேறிப் பிரசவம் பார்க்கப் போன நர்ஸ்: யார் இந்த மேரி பிரெக்கின்ரிட்ஜ்?

பிரசவம் பார்க்கத் தெரியாத நர்ஸ் இருப்பாரா? நம் ஊரில் இப்படிக் கேட்டாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே ஜிஎன்எம் டிப்ளமோவின் பெயரிலேயே ‘மிட்வைஃபரி’ இருக்கிறது. கிராமங்களில் வேலை பார்க்கும் ஏஎன்எம்களின் பெயரிலும் அது உண்டு. நர்ஸிங்கும் பேறுகாலப் பணியும் ஒரே படிப்புக்குள் அடக்கம் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஒருவர் முதலில் நர்ஸாகப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு, மேற்படிப்பாக மகப்பேறு பயிற்சி எடுத்தால்தான் செவிலியர்-மருத்துவச்சி ஆக முடியும். இன்று அது முதுநிலைப் படிப்பு. ஆனால், சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு இப்படியொரு படிப்பு அந்த நாட்டில் எங்கேயுமே கிடையாது. படிக்க விரும்பிய ஒரு நர்ஸ் கப்பலேறி லண்டன் போக வேண்டியிருந்தது. அப்படிப் போய்ப் படித்துத் திரும்பியவர்தான் மேரி பிரெக்கின்ரிட்ஜ்.

அரசியல் குடும்பத்துப் பெண்

1881 பிப்ரவரி 17 அன்று டென்னசி மாகாணத்தின் மெம்ஃபிஸ் நகரில் பிறந்தார் மேரி. பெரிய இடத்துப் பிள்ளை. தாத்தா ஜான் சி. பிரெக்கின்ரிட்ஜ் அமெரிக்காவின் துணை அதிபராக இருந்தவர். அப்பா கிளிஃப்டன் பிரெக்கின்ரிட்ஜ் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு ரஷ்யாவுக்கான அமெரிக்கத் தூதர். அதனால் மேரியின் சிறுவயதில் சில ஆண்டுகள் செயின்ட் பீட்டர்ஸ்பெர்க்கில் கழிந்தன. சுவிட்சர்லாந்திலும் படித்தார்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்கு வேலை என்பதெல்லாம் தேவையற்றது. நல்ல இடத்தில் கல்யாணம், அவ்வளவுதான். 1904-ல் ஹென்றி மாரிசன் என்ற வழக்கறிஞரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில், 1906-ல், குடல்வால் நோயால் கணவர் இறந்துவிட்டார். அப்போது மேரிக்கு வயது 25.

அதன் பிறகுதான் அவர் நர்ஸிங் பக்கம் திரும்பினார். நியூயார்க்கின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைப் பள்ளியில் சேர்ந்து, 1910-ல் பயிற்சியை முடித்தார். ஆனால், உடனே அந்தத் தொழிலில் நிலைக்கவில்லை. 1912-ல் ஆர்கன்சா மாகாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் தலைவராக இருந்த ரிச்சர்டு தாம்ப்சனை மறுமணம் செய்துகொண்டார்.

1914-ல் மகன் பிறந்தான். ‘பிரெக்கி’ என்று செல்லமாக அழைத்தார்கள். 1916-ல் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, சில மணி நேரத்திலேயே இறந்துபோனது. 1918-ல், நான்கு வயதில், பிரெக்கியும் நோய்வாய்ப்பட்டு இறந்தான். மணவாழ்க்கையும் அதோடு முறிந்தது. கணவரைப் பிரிந்து, 1920-ல் விவாகரத்து பெற்று, பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பினார்.

வசதி, படிப்பு, டாக்டர் எல்லாம் இருந்தும் தன் இரண்டு குழந்தைகளைக் காப்பாற்ற முடியாமல் போனவர் அவர். எதுவுமே இல்லாத இடத்தில் தாய்மார்களும் குழந்தைகளும் என்ன ஆவார்கள்? மீதி வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்வியின் பின்னால்தான் போனார்.

பிரான்ஸில் கண்ட வித்தியாசம்

முதல் உலகப் போர் முடிந்ததும், சிதைந்துபோன பிரான்ஸுக்கு உதவ அமெரிக்கப் பெண்கள் ஒரு குழு அமைத்திருந்தார்கள். அதில் மேரியும் சேர்ந்தார். போரில் அடிபட்ட கிராமங்களில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமான திட்டங்களை நடத்தினார். குழந்தைகளுக்குப் பால் கிடைக்க ஆடுகளை வரவழைத்துக் கொடுத்ததும் அந்த வேலையில் ஒன்று.

அங்கேதான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. பிரான்ஸில் மருத்துவச்சிகள் இருந்தார்கள்; ஆனால், நர்ஸிங் தெரியாது. அமெரிக்காவில் நல்ல நர்ஸ்கள் இருந்தார்கள்; ஆனால், பிரசவம் பார்க்கத் தெரியாது. பிரிட்டனிலிருந்து வந்த சிலருக்கு மட்டும் இரண்டுமே தெரிந்திருந்தது. பிரசவத்தைப் பார்ப்பார்கள், பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் பார்ப்பார்கள், வீட்டில் தாத்தாவுக்குப் புண் இருந்தால் கட்டும் போடுவார்கள். டாக்டர் எட்டாத கிராமத்துக்கு இப்படி ஒரு ஆள் போதுமே என்று மேரி நினைத்தார்.

அமெரிக்காவில் என்ன பிரச்சினை?

1900-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஏறக்குறையப் பாதிப் பிரசவங்களை மருத்துவச்சிகள்தான் பார்த்தார்கள். பெரும்பாலும் அனுபவத்தில் கற்றவர்கள். முறையான பயிற்சி இல்லை. டாக்டர்களின் சங்கங்கள் அவர்களைக் கடுமையாக எதிர்த்தன. பயிற்சி கொடுத்து மேம்படுத்தலாம் என்று சொன்னவர்களைவிட, அந்தத் தொழிலையே ஒழிக்க வேண்டும் என்று சொன்னவர்களின் குரல்தான் ஓங்கியது.

பிரிட்டன் நேர்மாறான வழியில் போனது. 1902-ல் சட்டம் கொண்டுவந்து, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, தேர்வு, பதிவு என எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது.

சரி, டாக்டர்களிடம் போனதால் அமெரிக்காவில் தாய் இறப்பு குறைந்ததா? இல்லை. 1920-களில் அங்கே 10,000 பிரசவங்களுக்கு 60-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். பணக்கார நாடு என்ற பெயருக்கு இது பெரிய அவமானமாக இருந்தது.

1923-ல் மேரி கிழக்கு கென்டக்கியின் மலைப்பகுதிக்குப் போனார். சாலை கிடையாது. குதிரையிலும் கோவேறு கழுதையிலும் நூற்றுக்கணக்கான மைல்கள் சுற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட உள்ளூர் மருத்துவச்சிகளைச் சந்தித்துப் பேசினார். பலரும் வயதானவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நிறைய. ரத்தப்போக்கு நிற்காவிட்டால் என்ன செய்வது, குழந்தை திரும்பியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டால் பதில் இல்லை. அவர்கள் தப்பு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அவர்களை விட்டால் அந்த மலையில் கூப்பிட வேறு யாரும் இல்லையே.

42 வயதில் மீண்டும் மாணவி

தேவை என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனால், அதைச் சொல்லித்தர அமெரிக்காவில் பள்ளி இல்லை. எனவே, 42 வயதில் லண்டன் போனார் மேரி. உல்விச் பகுதியில் இருந்த தாய்-சேய் மருத்துவமனையில் சேர்ந்தார். ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கு அங்கே குறுகிய காலப் பயிற்சி உண்டு. உடற்கூறும் நோய்களும் சுத்தமும் தெரிந்தவர்கள் என்பதால், நேராகப் பிரசவத்துக்கு வந்துவிடலாம் அல்லவா? தேர்வெழுதி, சான்றிதழ் பெற்ற மருத்துவச்சி ஆனார்.

அதோடு நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் போய், சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கு அரசு எப்படி நர்ஸ்களை அனுப்புகிறது, ஒரு நர்ஸுக்கு எவ்வளவு பரப்பு, டாக்டரோடு எப்படித் தொடர்பு என்றெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

மலையில் ஒரு சேவை

1925-ல் கென்டக்கி திரும்பி, தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமான ஒரு கமிட்டியைத் தொடங்கினார். 1928-ல் அது ‘ஃபிரான்டியர் நர்சிங் சர்வீஸ்’ என்று பெயர் மாறியது. லெஸ்லி கவுன்ட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையானது: இருப்பதிலேயே கஷ்டமான இடம் அது. அங்கே சாத்தியமானால் வேறு எங்கும் சாத்தியம்.

ஆரம்பத்தில் சொந்தப் பணத்தைப் போட்டார். பிறகு, நகரம் நகரமாகப் போய்ப் பேசி நன்கொடை திரட்டினார். ஆற்றங்கரையில் வென்டோவர் என்ற இடத்தில் மரவீடு கட்டித் தலைமையகம் ஆக்கினார். 1928-ல் ஹைடன் என்ற சிற்றூரில் சிறிய மருத்துவமனை திறக்கப்பட்டது.

சேவை எப்படி நடந்தது? சுமார் 700 சதுர மைல் பரப்பில் ஆங்காங்கே நர்ஸிங் மையங்கள். ஒவ்வொரு மையத்தையும் சுற்றி ஏறக்குறைய ஐந்து மைல் தூரம் அங்குள்ள நர்ஸின் பொறுப்பு. கூப்பிட ஆள் வந்தால் குதிரையேறி ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. சேணத்தின் இருபுறமும் பைகள். அதற்குள் பிரசவத்துக்குத் தேவையான அத்தனையும். பனியோ வெள்ளமோ, போயே ஆக வேண்டும்.

பிரசவ நேரத்தில் மட்டும் தலைகாட்டுவது இல்லை இந்த வேலை. கர்ப்ப காலம் முழுக்க முறையாகப் பரிசோதனை, பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கவனிப்பு என எல்லாம் சேர்ந்ததுதான். எந்த நிலைமையில் நர்ஸே முடிவெடுக்கலாம், எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதை மருத்துவர் குழு எழுதிக் கொடுத்திருந்தது. கட்டணம் ஐந்து டாலர். காசு இல்லாதவர்கள் விறகு, தீவனம், உடலுழைப்பு என்று கொடுக்கலாம்.

முதல் 1,000 பிரசவங்களின் பதிவேடுகளை மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியல் நிபுணர் லூயிஸ் டப்ளின் ஆராய்ந்தார். கர்ப்பம் அல்லது பிரசவம் நேரடிக் காரணமாக ஒரு தாய்கூட இறக்கவில்லை என்று தெரியவந்தது. சாலையே இல்லாத ஒரு மலைக் கவுன்ட்டியில் இது நடந்தது. பதிவேடுகளை ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக வைத்ததால்தான் இதை நிரூபிக்கவும் முடிந்தது.

பள்ளி பிறந்தது எப்படி?

இத்தனைக்கும் ஒரு பலவீனம் இருந்தது. ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஒன்று, பிரிட்டனில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். இல்லையென்றால், அமெரிக்க நர்ஸ்களை உதவித்தொகை கொடுத்து பிரிட்டனுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். நியூயார்க்கில் 1930-களின் தொடக்கத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பமானது. அதற்குப் பாடம் சொல்லித்தரப் போனவரும் மேரியின் சேவையைச் சேர்ந்தவர்தான். ஆனாலும் மலைக்கு அது போதவில்லை.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. பிரிட்டிஷ் நர்ஸ்கள் பலர் தாய்நாட்டுக்குத் திரும்ப விரும்பினார்கள். படிக்க ஆள் அனுப்பும் வழியும் அடைபட்டது. அப்படியே விட்டால் சில மாதங்களில் சேவையே முடங்கிவிடும்.

வேறு வழியில்லாமல், 1939 நவம்பரிலேயே ஹைடனில் பள்ளியைத் திறந்தார் மேரி. முதல் வகுப்பில் இரண்டே மாணவிகள். பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு மட்டுமே அனுமதி. அதனால்தான் பெயரிலேயே ‘கிராஜுவேட் ஸ்கூல்’ என்று வைத்தார்கள். சில மாதப் பயிற்சிதான். ஆனால், பாடம் வகுப்பறையோடு முடியாது. மாணவிகள் குதிரையேறி வீடுகளுக்குப் போய், அடுப்பங்கரை வெளிச்சத்தில் பிரசவம் பார்த்துப் பழகினார்கள். பெரிய மருத்துவமனையில் எல்லா வசதியோடும் கற்றவருக்கு, எதுவும் இல்லாத வீட்டில் கை ஓடாது என்பது அவருடைய எண்ணம்.

சொல்லாமல் விட முடியாத பக்கம்

மேரியை மகான் ஆக்கிவிட வேண்டியதில்லை. அடிமை முறையைத் தாங்கிப்பிடித்த தெற்கத்திய மேட்டுக்குடியில் வளர்ந்தவர். அந்தப் பாகுபாட்டை அவர் கடைசி வரை உதறவில்லை. அவர் காலத்தில் கறுப்பினச் செவிலியர்களுக்கு அந்தச் சேவையில் இடம் தரப்படவில்லை என்பதை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தென் மாகாணங்களில் மருத்துவ வசதியே இல்லாமல் தாய்மார்களை அதிகம் இழந்ததும் கறுப்பின மக்கள்தான். கறுப்பின நர்ஸ்களுக்கென அலபாமாவின் டஸ்கீகியில் 1941-ல் தனிப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1946-ல், அதுவும் மூடப்பட்டது. ஒரு படிப்பை உருவாக்குவது ஒரு பக்கம். அந்த வகுப்பின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பது இன்னொரு பக்கம். முதலாவதில் மேரி ஜெயித்தார். இரண்டாவதில் தோற்றார்.

இன்று என்ன மிச்சம்?

1931-ல் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தும் வேலையை விடாதவர் மேரி. 1952-ல் தன் வரலாற்றை நூலாக எழுதினார். 1965 மே 16 அன்று, 84 வயதில், வென்டோவரிலேயே காலமானார். 1998-ல் அமெரிக்கா அவர் உருவத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது.

இரண்டு மாணவிகளோடு தொடங்கிய பள்ளி இன்று ‘ஃபிரான்டியர் நர்சிங் பல்கலைக்கழகம்’. 1989 முதல் அங்கே ஒரு புது ஏற்பாடு: படிக்கும் நர்ஸ் ஊரைவிட்டுக் கிளம்பத் தேவையில்லை. பாடத்தைத் தொலைதூர முறையில் படித்துக்கொண்டு, சொந்த ஊர்ப் பக்கத்திலேயே பயிற்சி எடுக்கலாம். நகரத்துக்குப் படிக்கப் போனவர் திரும்பி வருவதில்லை என்ற பழைய சிக்கலுக்கு இது ஒரு பதில்.

இந்தியாவிலும் இந்தக் கேள்வி புதிதாக எழுந்திருக்கிறது. படிப்பின் பெயரில் மிட்வைஃபரி இருந்தாலும், பிரசவத்தைத் தன் பொறுப்பில் முழுமையாகக் கவனிக்கும் பயிற்சியும் அதிகாரமும் நம் நர்ஸ்களுக்கு இருக்கிறதா? இதற்காகத்தான் 2018-ல் மத்திய அரசு மிட்வைஃபரி சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு 18 மாத மேற்பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடுவது அதன் நோக்கம். சான்றிதழ் கொடுத்துவிட்டு, பிறகு பழையபடி வார்டு வேலையிலேயே போட்டால் பயன் இருக்காது. பயிற்சி, எழுதிக் கொடுத்த அதிகாரம், கூப்பிட்டால் வரும் டாக்டர், ஒழுங்கான பதிவேடு: ஹைடன் மலையில் இந்த நான்கும் சேர்ந்துதான் தாய்மார்களைக் காப்பாற்றின.