வீர சந்திரசிங் கர்வாலி

இமயத்தின் மடியிலுள்ள கர்வால் பகுதியில் 1891-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் பிறந்தவர் சந்திரசிங். அங்கே விளைநிலம் குறைவு. படையில் சேர்ந்த மகன் அனுப்பும் சம்பளத்தில்தான் பல மலைக்குடும்பங்களில் அடுப்பு எரியும். அவரும் 1914-இல் லான்ஸ்டவுன் முகாமில் கர்வால் ரைபிள்ஸ் படையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் பிரான்சிலும், பின்னர் மெசொபொட்டேமியாவிலும் ஆங்கிலேயருக்காகப் போரிட்டார். இருவருக்கு விக்டோரியா கிராஸ் பதக்கம் பெற்றுத் தந்த பெருமை அப்படைக்கு உண்டு. ஆயினும் போர் முடிந்ததும் வீரர்கள் பலர் பதவி குறைக்கப்பட்டனர். யாருக்காகப் போரிட்டோம் என்ற வினா அவருள் எழுந்தது அப்போதுதான். ஆரிய சமாஜத் தொடர்பும், 1929-இல் குமாவூன் மலைப்பகுதிக்கு வந்த காந்தியடிகளைக் கண்டதும் அவ்வினாவை மேலும் கூர்மையாக்கின.

1930 ஏப்ரலில் உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவியது. திருச்சியிலிருந்து ராஜாஜியின் தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கி நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், வடமேற்கு எல்லையிலுள்ள பேஷாவரில் கர்வால் படை நிறுத்தப்பட்டிருந்தது. பட்டாணியர் முஸ்லிம்கள், கர்வாலியர் இந்துக்கள். ஆகவே சுடத் தயங்கமாட்டார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. அக்கணக்கின் சூதை ஹவில்தார் சந்திரசிங் தோழர்களுக்கு இரகசியமாக விளக்கியிருந்தார்.

ஏப்ரல் 23 அன்று கான் அப்துல் கபார் கான் கைது செய்யப்பட்டார். கிஸ்ஸா குவானி கடைவீதியில் ஆயுதமற்ற மக்கள் திரண்டனர். சுடுமாறு கேப்டன் ஆணையிட்டார். சுடாதீர்கள் என்று சந்திரசிங் உரக்கத் தடுத்தார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. வேறு படையினரும் கவச வண்டிகளும் சுட்டதில் அன்று பலர் மாண்டனர். அதைத் தடுக்க இவர்களால் இயலவில்லை. மறுநாள் மீண்டும் நகருக்குள் செல்ல ஆணை வந்தபோது வீரர்கள் மறுத்துவிட்டனர்.

இராணுவ நீதிமன்றத்தில் பாரிஸ்டர் முகுந்திலால் வாதாடினார். மரண தண்டனை தவிர்ந்தது. சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, சொத்தும் பறிமுதலானது. தோழர்கள் பலருக்கு நீண்ட சிறைவாசம். மற்றும் பலருக்குப் பணிநீக்கம். மலையூர்களில் அவர்களை நம்பியிருந்த பெற்றோரும் மனைவி மக்களும் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் ஒருசேர இழந்தனர். இந்தத் தண்டனைக்கு ஆணையில் இடமில்லை. ஆனால் அதிகம் அனுபவித்தவர்கள் அவர்களே.

மற்றுமொரு வேதனையும் காத்திருந்தது. 1931-இல் காந்தி–இர்வின் ஒப்பந்தப்படி சத்தியாக்கிரகிகள் விடுதலையானபோது, ஆணை மீறிய படைவீரர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. பணியை ஏற்று உறுதிமொழி அளித்த வீரன் ஆணையை மீறுவதைக் காந்தியடிகளே ஏற்கவில்லை. நாளை சுதந்திர நாட்டின் படையும் அவ்வாறே செய்யலாம் என்று அவர் கருதினார். வலுவான வாதமே. எனினும் நிராயுதபாணிகள்மீது சுட மறுத்தவர்கள், அகிம்சைப் போரின் கைதிகளாகவும் எண்ணப்படாமல் சிறையிலேயே கிடந்தனர் என்பது நெஞ்சை உறுத்துகிறது.

பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1941-இல் சந்திரசிங் விடுதலையானார். கர்வாலுக்குள் நுழையத் தடை இருந்ததால் வார்தாவில் காந்தியடிகளின் ஆசிரமத்தில் தங்கினார். தம் செயலை ஏற்காதவரிடமே அடைக்கலம் பெற்றதில் அவருக்கு மனக்குறை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் மீண்டும் சிறை சென்றார். 1946-இல்தான் சொந்த மலைமண்ணை மிதித்தார். 1979 அக்டோபர் 1 அன்று காலமானார்.